ஆறு மணி நேர வெனிஸ்

காலை ஏழு மணிக்குக் கப்பல் கரையணைகிறது. எட்டு மணிக்குக் கப்பலில் உள்ள நாடக அரங்கில் எல்லோரும் கூட வேண்டும். சட்டையில் ஒட்டிக்கொள்ள ஆளுக்கொரு எண் ஸ்டிக்கர். 14 என்றால் 14 என்ற அட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கும் கைடு பின்னால் போக வேண்டும். பிறகு ஒரு படகு. சான் மார்க்கோ சதுக்கம், டோஜ் அரண்மனை, பெருமூச்சுப் பாலம், ஒரு கண்ணாடிப் பட்டறை, ரியால்டோ பாலம். நடுவில் 45 நிமிடம் "உங்கள் விருப்பம் போல் சுற்றலாம்". நாலு மணிக்கு மறுபடியும் படகு. ஐந்தரைக்குக் கப்பல் புறப்பட்டுவிடும். மறுநாள் காலையில் வேறு நாடு, வேறு ஊர், வேறு ஸ்டிக்கர்.

சொகுசுக் கப்பலில் போய் வெனிஸ் பார்த்தவர்களின் ஒரு நாள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கணக்குப் போட்டால் ஊருக்குள் ஆறு மணி நேரம் தேறினால் அதிகம். அதில் வரிசையில் நிற்பதும் கழிப்பறை தேடுவதும் அடக்கம்!

இதெல்லாம் இந்தக் காலத்து அவசரம் என்றுதான் தோன்றும். ஆனால் கப்பல் பயணிகளைக் கூட்டமாகச் சேர்த்து, ஒரே கட்டணத்தில் பயணமும் சாப்பாடும் கொடுத்து, கைடு வைத்து ஊர் காட்டும் தொழில் மிகப் பழையது. அதை அரசே முன்னின்று சட்டம் போட்டு நடத்திய ஊரும் இதே வெனிஸ்தான். வித்தியாசம் என்னவென்றால், அன்றைக்கு விதிகளை எழுதியது ஊர். கப்பல் அதற்குக் கட்டுப்பட்டது. இன்றைக்கு நேரத்தையும் விலையையும் எழுதுவது கப்பல். ஊர் அதற்கு ஏற்றபடி ஓடுகிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

ஐநூறு வருடம் பின்னால் போவோம்.

15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எந்த மூலையில் இருந்தாலும் ஜெருசலேம் போக வேண்டும் என்றால் முதலில் வெனிஸ் வந்து சேர வேண்டும். ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி நடந்தோ குதிரையிலோ வருவார்கள். வசந்த காலத்தில் வந்து, ஜூன் மாத வாக்கில் யாத்ரீகர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட துடுப்புக் கப்பலில் ஏறுவார்கள். ஒரு கப்பலில் நூறு பேருக்கு மேல். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ கப்பல். வெனிஸின் ஜனத்தொகை அப்போது ஒரு லட்சம் அளவில் இருந்தது. ஆக, ஊரின் அளவுக்கு இந்தக் கூட்டம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அரசு அவர்களைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. காரணம் எளிது. வருகிறவர்களில் பிரபுக்கள் உண்டு, ஆயர்கள் உண்டு, எழுதத் தெரிந்த துறவிகள் உண்டு. ஏமாந்தவன் ஊருக்குத் திரும்பிப் போய் வாயைத் திறந்தால் வெனிஸின் பெயர் கெட்டுவிடும். வியாபாரத்தையே நம்பி வாழ்கிற ஒரு குடியரசுக்கு அது கட்டுபடியாகாது.

அதனால் "தோலோமாரி" என்று அழைக்கப்பட்ட வழிகாட்டிகள் அரசின் அனுமதியோடு நியமிக்கப்பட்டார்கள். இவர்களுக்கான விதிமுறைகள் 13ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. சான் மார்க்கோ சதுக்கத்திலும் ரியால்டோவிலும் இவர்கள் நிற்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு விடுதி பார்த்துக் கொடுப்பது, காசு மாற்றித் தருவது, சாமான் வாங்க உதவுவது, கப்பல் தலைவனிடம் பேரம் பேசும்போது கூட இருப்பது எல்லாம் இவர்கள் வேலை. அந்நிய மொழி தெரிந்திருக்க வேண்டும். இவர்களை மேற்பார்வை பார்க்க "கத்தாவேரி" என்ற அதிகாரிகள் இருந்தார்கள். இவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உத்தமர்களாக இருந்திருந்தால் அரசு இத்தனை விதி எழுதியிருக்க வேண்டியதில்லை :-)

இந்தக் காலத்து யாத்ரீகர்களில் நிறைய எழுதி வைத்தவர் ஃபெலிக்ஸ் ஃபாப்ரி. ஜெர்மனியின் உல்ம் நகரத்தைச் சேர்ந்த தொமினிக்கன் சபைத் துறவி. 1480இல் முதல் முறை ஜெருசலேம் போனார். அந்தப் பயணம் அவருக்குத் திருப்தி தரவில்லை. அது துருக்கியர்கள் ரோட்ஸ் தீவை முற்றுகையிட்டிருந்த வருடம். கடலில் பயம். கப்பல் தலைவனுக்கோ சீக்கிரம் திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் பயணம் செய்து போனவர்களுக்குப் புனித பூமியில் கிடைத்தது ஒன்பதே நாள். அந்த ஒன்பது நாளும் இரவு பகல் பாராமல் ஓட்டம். ஊருக்குத் திரும்பி வந்து நினைத்துப் பார்த்தால் பார்த்த இடங்கள் எல்லாம் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் தெரிந்தன என்கிறார். எதுவும் மனதில் நிற்கவில்லை. ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மூன்று வருடம் கழித்து மறுபடியும் கிளம்பினார்!

"எல்லாவற்றையும் பார்த்தோம், எதுவும் நினைவில்லை" என்று இன்றைய பயணிகள் சொல்வதை 1480இல் ஒரு துறவி சொல்லிவிட்டார்.

1483இல் அவர் நான்கு பிரபுக்களோடு வெனிஸ் வந்தார். ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஜெர்மானிய வியாபாரிகளுக்கென்றே ஒரு பெரிய கட்டடம் இருந்தது. ஃபோன்தாக்கோ தெய் தெதெஸ்கி என்று பெயர். அதற்கு அருகில் இருந்த ஒரு ஜெர்மானிய விடுதியில் தங்கினார்கள். அந்த விடுதியில் எல்லோரும் ஜெர்மன் மொழிதான் பேசுவார்கள். அங்கே ஒரு பெரிய கறுப்பு நாய் இருந்ததாம். ஜெர்மானியர் யார் வந்தாலும் வாலை ஆட்டி வரவேற்கும். இத்தாலியர் வந்தால் பாய்ந்து குரைக்கும். ஃபாப்ரி இதை மிகவும் ரசித்து எழுதியிருக்கிறார். வெளிநாட்டுக்குப் போயும் சொந்த ஊர்க்காரர்களோடு, சொந்த ஊர்ச் சாப்பாட்டோடு இருக்க வேண்டும் என்ற ஆசை சுற்றுலாவோடு கூடப் பிறந்தது போலிருக்கிறது.

அடுத்தது கப்பல் பிடிக்கும் படலம். அந்த வருடம் இரண்டு கப்பல் தலைவர்கள் போட்டியில் இருந்தார்கள். ஒருவர் பியெத்ரோ லாந்தோ, இன்னொருவர் அகோஸ்தீனோ கொந்தாரினி. சான் மார்க்கோ தேவாலயத்துக்கு முன்னால் இருவரும் வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை போட்ட கொடியை நட்டு வைத்திருந்தார்கள். கொடிக்குப் பக்கத்தில் அவரவர் ஆட்கள். யாத்ரீகர் யாராவது கண்ணில் பட்டால் போதும், எங்கள் கப்பலுக்கு வாருங்கள் என்று இவர்கள் இழுக்க, அது ஓட்டைக் கப்பல் என்று அவர்கள் கத்த, ஒரே ரகளை. பேருந்து நிலையத்தில் தனியார் பஸ்காரர்கள் ஆள் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரபுக்கள் இரண்டு கப்பலையும் போய்ப் பார்த்தார்கள். இரண்டிலும் கிரீட் தீவின் திராட்சை மதுவும் அலெக்சாந்திரியா மிட்டாயும் கொடுத்து உபசாரம் செய்தார்கள். கடைசியில் லாந்தோவின் கப்பல் பெரியது, புதியது என்று அதில் இடம் பேசினார்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. பேசி முடித்ததும் ஒப்பந்தம் எழுதினார்கள். வாய்ப் பேச்சு கிடையாது. டோஜ் அரண்மனைக்குப் போய் (டோஜ் என்பவர் வெனிஸ் குடியரசின் தலைவர்) அங்கிருந்த அரசு எழுத்தர்கள் முன்னால் பெயர்களைப் பதிவு செய்தார்கள். ஒப்பந்தத்தில் என்னவெல்லாம் இருந்தது என்று ஃபாப்ரி வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். யாப்பா துறைமுகம் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். தினம் இரண்டு வேளை சாப்பாடு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கோப்பை மது. யாத்ரீகர்கள் சமைத்துக்கொள்ள வளர்க்கும் கோழிகளுக்குக் கப்பலில் இடம். சைப்ரஸில் மூன்று நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, ஏனென்றால் அங்கே காற்று உடம்புக்கு ஆகாது. பாதிப் பணம் வெனிஸில், மீதிப் பணம் யாப்பாவில். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: புனித பூமியில் யாத்ரீகர்கள் தேவையான அளவு நாட்கள் தங்கலாம், கப்பல் தலைவன் அவர்களை அவசரப்படுத்தக் கூடாது.

அவசரப்படுத்தக் கூடாது என்பது ஒப்பந்த ஷரத்து! முதல் பயணத்தில் பட்ட பாடு இந்த வரிக்குப் பின்னால் தெரிகிறது. இன்றைய சொகுசுக் கப்பல் டிக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதோ இதற்கு நேர் எதிரானது. வழியில் எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடவும் நேரத்தை மாற்றவும் கப்பலுக்கு உரிமை உண்டு என்றுதான் இருக்கும்.

ஒப்பந்தத்தை மீறினால் யாத்ரீகர்கள் வெனிஸ் அதிகாரிகளிடம் புகார் செய்யலாம். விசாரணை நடக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன சந்தர்ப்பங்களும் உண்டு.

ஃபாப்ரியும் கூட்டாளிகளும் கப்பல் கிளம்பும் வரை சுமார் ஒரு மாதம் வெனிஸில் இருந்தார்கள். சும்மா இருக்கவில்லை. தினம் ஒரு தேவாலயம், அங்கே இருக்கும் புனிதர்களின் எலும்புகள், சான் மார்க்கோவின் கருவூலம், டோஜ் அரண்மனை, கப்பல் கட்டும் அர்செனால், கண்ணாடி செய்யும் முரானோ தீவு. இன்றைய கைடு கொண்டுபோகும் பட்டியலில் பாதி அப்போதே தயார். (கண்ணாடி உலைகள் தீவுக்குப் போனது 1291இல். நகரத்துக்குள் தீப்பிடிக்கும் என்று பயந்து அரசு அவற்றை முரானோவுக்கு மாற்றியது.) எதைக் காட்ட வேண்டும் என்பதில் வெனிஸ் தெளிவாக இருந்தது. அர்செனாலைப் பார்த்துவிட்டுப் போகிறவன் தன் ராஜாவிடம் போய் வெனிஸின் கடற்படை எப்படிப்பட்டது என்று சொல்வான் அல்லவா?

1494இல் மிலானிலிருந்து வந்த பியெத்ரோ கசோலா என்ற வயதான பாதிரியார் 60 டுகாட் பொற்காசு கொடுத்துப் போனவர். (டுகாட் மலபார் வரை வந்த காசு. மிளகுக்கு விலையாக வந்தது. அதன் ஒரு பக்கத்தில் டோஜ், புனித மாற்குவின் முன் கொடிக்கம்பத்தைப் பிடித்தபடி மண்டியிட்டிருப்பார். நம் பக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் பனைமரமும் மரம் ஏறுபவரும் என்று சொல்லிக்கொண்டார்கள்.) யாத்திரை போகிறவன் மூன்று பை கொண்டுபோக வேண்டும், ஒன்றில் பொறுமை, இன்னொன்றில் பணம், மூன்றாவதில் விசுவாசம் என்பது கசோலா தரும் யோசனை. வெனிஸைப் பற்றி எல்லோரும் ஏற்கெனவே சொல்லிவிட்டதால் தனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று ஆரம்பித்துவிட்டு, பக்கம் பக்கமாகச் சந்தையையும் ரொட்டியையும் பெண்களின் உயரமான செருப்பையும் பற்றி எழுதினார். நற்கருணைத் திருவிழாப் பவனியில் யாத்ரீகர் ஒவ்வொருவரையும் ஒரு வெனிஸ் பிரபுவின் பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நடக்க வைத்ததும் அவர் குறிப்பில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த ஒருவனை ஊரின் பெரிய மனிதரோடு சேர்த்து நடக்க வைப்பது! வேடிக்கை பார்க்க வந்தவனை வேடிக்கையின் உள்ளே இழுத்துக்கொள்ளும் இந்த உபாயம் எந்தச் சுற்றுலாத் துறைக்கும் இன்று வரை தோன்றியதாகத் தெரியவில்லை.

இவர்கள் செலவழித்த பணம் ஊருக்குள்ளேயே இறங்கியது. விடுதி, சாப்பாடு, பெட்டி, கோழி, மது, மெத்தை எல்லாம் வெனிஸ் கடைகளில்தான். 1458இலும் 1462இலும் போன வில்லியம் வே என்ற ஆங்கிலேயர் தன் நாட்டவருக்கு ஒரு குறிப்பு எழுதினார். சான் மார்க்கோ பக்கத்தில் மூன்று டுகாட்டுக்கு மெத்தை தலையணை வாங்கிக்கொள், திரும்பி வந்ததும் அதே கடைக்காரன் ஒன்றரை டுகாட்டுக்கு எடுத்துக்கொள்வான் என்கிறார். இன்னும் சில யோசனைகளும் சொல்கிறார். கப்பலில் மேல் தட்டில் இடம் பிடி, கீழே புழுக்கமும் நாற்றமும் தாங்காது. துறைமுகத்தில் கப்பல் நின்றால் மற்றவர்களுக்கு முன்னால் இறங்கு, நல்ல விடுதி கிடைக்கும். யாப்பாவிலும் முந்திக்கொள், நல்ல கழுதைக்கும் நோஞ்சான் கழுதைக்கும் ஒரே வாடகைதான்!

யாப்பாவில் இறங்கிய பிறகு காட்சி மாறிவிடும். அங்கே மம்லூக் சுல்தானின் ஆட்சி. பெயரை எழுதி, எண்ணி, பாழடைந்த நிலவறைகளில் அடைத்து வைத்து, பிறகுதான் கழுதையில் ஏற்றுவார்கள். ஊர் காட்டும் பொறுப்பு ஜெருசலேமில் இருந்த பிரான்சிஸ்கன் துறவிகளுடையது. வழியில் ராம்லா என்ற ஊரில் அவர்களின் தலைவர் எல்லோரையும் உட்கார வைத்து விதிகளைப் படித்துக் காட்டுவார். புனித இடங்களில் கல்லைப் பெயர்த்து எடுக்காதே. சுவரில் பெயர் கிறுக்காதே. உள்ளூர்க்காரர்களைப் பார்த்துச் சிரிக்காதே, அவர்களோடு தகராறு செய்யாதே. பிரபுக்கள் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கிடைத்த சுவரில் தங்கள் குலச் சின்னத்தைச் செதுக்கியதைக் கண்டு ஃபாப்ரி பொரிந்து தள்ளியிருக்கிறார்.

ஊருக்குப் போன பின் இன்னொரு வேலையும் செய்தார் ஃபாப்ரி. மடத்தை விட்டு வெளியே போக முடியாத கன்னியாஸ்திரிகளுக்காக, தினம் இவ்வளவு தூரம், இன்றைக்கு இந்த ஊர் என்று பிரித்து, மனதாலேயே ஜெருசலேம் போய்வர ஒரு புத்தகம் எழுதினார். அவசரப்படுத்தாத பயணம் அது ஒன்றுதான்.

16ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழில் மெல்லப் படுத்துவிட்டது. 1516-17இல் பாலஸ்தீனமும் எகிப்தும் ஒட்டோமான் துருக்கியர் கைக்குப் போயின. அதே வேளையில் ஜெர்மனியில் லூதரின் சீர்திருத்தம் யாத்திரைகளின் மீதே கேள்வி எழுப்பியது. 1523இல் இக்னேஷியஸ் லொயோலா வெனிஸில் கப்பலேறியபோது கூட்டம் குறைந்திருந்தது. 1797இல் நெப்போலியன் வெனிஸ் குடியரசையே முடித்து வைத்தார். 1846இல் கடற்கழியின் மேல் ரயில் பாலம் வந்தது. ஆயிரம் வருடமாகப் படகில் மட்டுமே போக முடிந்த ஊருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் போகலாம் என்றானது.

நாம் இன்று அறிந்த சொகுசுக் கப்பல் பயணம் பிறந்தது வேறு இடத்தில், வேறு காரணத்துக்காக. ஹாம்பர்கின் கப்பல் நிறுவனம் ஒன்றை நடத்திய ஆல்பர்ட் பாலினுக்கு ஒரு தலைவலி இருந்தது. அட்லாண்டிக்கைக் கடக்கும் பெரிய கப்பல்கள் குளிர்காலத்தில் ஆளில்லாமல் சும்மா நிற்கும். நின்றாலும் செலவுதான். 1891 ஜனவரி 22 அன்று "அகஸ்டா விக்டோரியா" என்ற கப்பலை 241 பயணிகளோடு மத்திய தரைக்கடலுக்கு அனுப்பினார். அலெக்சாந்திரியா, யாப்பா, கான்ஸ்டான்டிநோபிள் என்று சுற்றி இரண்டு மாதத்தில் திரும்பியது. கப்பல் நிற்கும் ஊர்களில் கெய்ரோ, ஜெருசலேம், டமாஸ்கஸ் என்று கைடுகளோடு கரைச் சுற்றுலா. யாப்பாவில் இறங்கி ஜெருசலேம் போன அந்தப் பயணிகள் ஃபாப்ரியின் பாதையில்தான் போனார்கள்.

ஆனால் அடிப்படை மாறிவிட்டது. ஃபாப்ரிக்குக் கப்பல் என்பது தாங்கிக்கொள்ள வேண்டிய கஷ்டம், போக வேண்டியது ஊர். பாலின் கண்டுபிடித்ததில் கப்பல்தான் விடுதி, கப்பல்தான் சாப்பாடு, கப்பல்தான் பொழுதுபோக்கு. ஊர் ஒரு இடைவேளை. நின்றால் நட்டம் என்பதால் பிறந்த தொழிலுக்கு எந்த ஊரிலும் அதிகம் நிற்கப் பொறுமை இருக்காது.

இதன் விளைவு 1990களுக்குப் பிறகு வெனிஸில் நன்றாகத் தெரிந்தது. மூவாயிரம், நாலாயிரம் பேர் ஏறும் கப்பல்கள். சான் மார்க்கோ சதுக்கத்துக்கு எதிரிலேயே, தேவாலயக் கோபுரங்களை மறைத்துக்கொண்டு, ஜூதெக்கா கால்வாய் வழியாகப் போகும். மேல் தட்டில் நிற்கும் பயணிக்கு அது அற்புதமான காட்சி. கீழே வீட்டு ஜன்னலைத் திறப்பவருக்கு வெள்ளைச் சுவர் நகர்வது போல. வருடத்துக்கு 15 லட்சத்துக்கும் மேல் கப்பல் பயணிகள் வந்த காலம் அது. காலைச் சாப்பாடு கப்பலில், இரவுச் சாப்பாடும் கப்பலில். கரைச் சுற்றுலாவைக் கப்பலே விற்று, தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உள்ளூர் ஏஜென்டுக்குத் தருகிறது. இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகச் சுற்றப் போனவர் தாமதமானால் காத்திருக்காது. அந்தப் பயத்தில்தான் பாதி டிக்கெட் விற்கிறது.

கைடுகள் மேல் பழி போட முடியாது. வெனிஸில் கைடு ஆவது லேசல்ல, தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள். ஆனால் ஆறு மணி நேரத்தில் அவர்களால் என்ன சொல்ல முடியும்? சதுக்கத்தில் நின்று, 828இல் அலெக்சாந்திரியாவிலிருந்து புனித மாற்குவின் உடலைப் பன்றி இறைச்சிக்கு அடியில் ஒளித்துக் கடத்திக்கொண்டு வந்த கதை சொல்லலாம், எல்லோரும் சிரிப்பார்கள். தேவாலயத்தின் மேலிருக்கும் நான்கு வெண்கலக் குதிரைகள் நகல்தான், அசல் உள்ளே இருக்கிறது, அந்த அசலும் 1204இல் கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையடித்துக் கொண்டுவந்தது, 1797இல் நெப்போலியன் பாரிசுக்குக் கொண்டுபோனார், 1815இல் திரும்பி வந்தது என்று ஒரே மூச்சில் சொல்லலாம். பெருமூச்சுப் பாலத்தில் காதலர் கதை சொல்லலாம். அது கைதிகளைச் சிறைக்குக் கொண்டுபோன பாலம் என்பதைச் சொல்வதற்குள் அடுத்த எண் அட்டை பின்னால் வந்து நிற்கும்.

2012 ஜனவரியில் "கோஸ்தா கொன்கோர்தியா" கப்பல் ஜிலியோ தீவருகே பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு, 40,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்க்கோ முன்னால் போகக் கூடாது என்று இத்தாலி அரசு ஆணை போட்டது. கூடவே, மாற்று வழி தயாராகும் வரை ஆணை அமலுக்கு வராது என்றும் சொன்னது. மாற்று வழி தயாராகவே இல்லை. 2017 ஜூனில் ஊர்க்காரர்களே நடத்திய, சட்ட மதிப்பு இல்லாத வாக்கெடுப்பில் ஏறக்குறைய 18,000 பேர் வாக்களித்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் பெரிய கப்பல்கள் கழியை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். 2019 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை காலை, "எம்எஸ்சி ஓபெரா" என்ற கப்பல் கட்டுப்பாட்டை இழந்து கரையிலும் அங்கே நின்ற ஒரு சுற்றுலாப் படகிலும் மோதியது. சிலருக்குக் காயம். உயிர்ச்சேதம் இல்லாதது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேல், அல்லது 180 மீட்டர் நீளத்துக்கு மேல் உள்ள கப்பல்கள் அந்த வழியில் வரத் தடை வந்தது. துறைமுகத் தொழிலாளர்களும் கைடுகளும் வேலை போகிறதே என்று கலங்கினார்கள். அதில் நியாயம் இருந்தது. பலருக்கு அது இரண்டு தலைமுறைத் தொழில்.

தடைக்குப் பிறகு ஊர் காலியாகிவிடவில்லை. வெனிஸுக்கு வரும் கூட்டத்தில் கப்பல் பயணிகள் ஒரு சிறு பகுதிதான். ரயிலிலும் பஸ்ஸிலும் காலையில் வந்து மாலையில் போகிறவர்கள் பல மடங்கு. கப்பல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததால் கோபம் அதன் மேல் விழுந்தது. 2024 ஏப்ரல் 25 முதல், ஒரே நாளில் வந்து போகிறவர்கள் குறிப்பிட்ட நாட்களில் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். ஒரு ஊருக்குள் நுழைய டிக்கெட்! அந்த வருடம் 29 நாட்களில் சுமார் 24 லட்சம் யூரோ வசூல். கூட்டம் குறைந்ததா என்றால், குறையவில்லை என்றுதான் எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். அதே வருடம் ஒரு கைடுக்கு 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்ற விதியும் வந்தது. தோலோமாரிகளுக்கு விதி எழுதிய ஊர் மறுபடியும் கைடுகளுக்கு விதி எழுத ஆரம்பித்திருக்கிறது. ஆனால் அன்று அந்த விதியை மதிக்க வைக்க ஒரு குடியரசு இருந்தது. இன்று இருப்பது ஒரு நகராட்சி. கப்பல்கள் பற்றிய முடிவு ரோமில், கப்பல் பயண அட்டவணை மியாமியிலும் ஜெனீவாவிலும்.

ரியால்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் 2008 முதல் ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. வெனிஸ் தீவு நகரில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று அது காட்டும். 1951இல் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். 2022இல் அந்த எண் ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனது. 2023இல் இன்னொரு கடையில் வேறொரு பலகை வைத்தார்கள். அது சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கையைக் காட்டுவது. படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரை மிஞ்சிவிட்டது.

அதே பகுதியில்தான் ஃபாப்ரியின் காலத்து ஜெர்மானிய வியாபாரக் கட்டடமும். 1505இல் எரிந்து, உடனே திரும்பக் கட்டப்பட்டது. பிற்காலத்தில் பல வருடங்கள் தபால் நிலையமாக இருந்தது. ஊர்க்காரர்கள் கடிதம் போடப் போன இடம். 2016இல் விலையுயர்ந்த கைப்பையும் கடிகாரமும் விற்கும் பெரிய அங்காடியானது. வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகள். 2025இல் அந்த அங்காடியும் மூடப்பட்டுவிட்டது.

பெரிய கப்பல்கள் இப்போது மார்கேரா என்ற தொழிற்சாலைத் துறைமுகத்திலும் திரியெஸ்தே, ரவென்னா போன்ற தூரத்து ஊர்களிலும் நிற்கின்றன. பயணத் திட்டத்தில் மட்டும் சில நிறுவனங்கள் இன்னும் வெனிஸ் பெயரைச் சேர்த்தே போடுகின்றன. ரவென்னாவிலிருந்து வெனிஸுக்குப் பஸ்ஸில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. திரும்பவும் அதே இரண்டு மணி நேரம். கைடு பஸ்ஸிலேயே மைக்கைப் பிடித்துப் புனித மாற்குவின் உடல் கடத்தப்பட்ட கதையை முடித்துவிடுகிறார். சதுக்கத்தில் இறங்கிய பிறகு அதற்கெல்லாம் நேரம் இருக்காது.